ஆசாரி வரும்வரை

எழுந்திருக்கக் கூடாதாம். மொட்டையடித்து, குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துவிட்டால் காது குத்தி முடிகிறவரை மாமன் எழுந்திருக்கக் கூடாதாம். தங்கை மாப்பிள்ளை மோகனசுந்தரத்தின் பெரியப்பா சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவருக்கென்ன, மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டுக்கொண்டார், நான்தான் இந்தக் கோயில் வாசல் ஜமுக்காளத்தில் கால் மரத்துப்போய்க் கிடக்கிறேன். காது குத்தும் ஆசாரி கோபியில் வேறு ஒரு வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு வண்டியில் வந்துகொண்டே இருக்கிறாராம். வந்துகொண்டே இருக்கிறார் என்றால் இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம், கோயம்புத்தூரில் என் கிளினிக்கில் நானும் அப்படித்தான் சொல்லச் சொல்வேன், டாக்டர் வந்துட்டே இருக்காருங்க, டாக்டர் வீட்டில் இரண்டாவது இட்லியில் இருப்பார். வரட்டும், மெதுவாக வரட்டும். மடியில் கனமாக ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, என் தங்கை பூங்கொடியின் மகள், மிருதுளா, மூன்றாவது வயது நடக்கிறது, வீடியோ அழைப்பில் நெற்றியும் மூக்கும் மட்டுமாகப் பார்த்த பிள்ளை முழுதாக மடிக்கு வந்திருக்கிறது, எத்தனை கனம், கன்னமும் தொடையும் பொதபொதவென்று, ஊரே கண் வைக்கிற கனம். குழந்தை மருத்துவனின் மருமகள் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு கர்வம், இருந்தால் என்ன தப்பு. காலையில் பலகாரப் பந்தியிலும் அந்தக் கர்வத்தோடுதான் தீர்ப்புச் சொன்னேன். மாப்பிள்ளை மோகனசுந்தரம் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஏனுங்க மச்சான், பாப்பா போற பிளே ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் வருசா வருசம் ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்றாங்க, ஒரு லேப்ல நான் சொல்லி வெச்சுட்டேன், இவ வேண்டாங்கறா, நீங்க சொல்லுங்க. நான் சொன்னேன், மாப்ள, நல்லா ஓடியாடுற புள்ளைக்கு வருசா வருசம் ரத்தம் எடுக்க அது என்ன போர்வெல்லா, தண்ணி வருதான்னு துளை போட்டுப் பாக்கறதுக்கு? பந்தியே சிரித்தது. மோகனசுந்தரமும் சிரித்துவிட்டு, கை கழுவின ஈரத்தோடு எல்லோர் முன்னாலும் லேபுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பூங்கொடி என் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

சரியாகத்தான் சொன்னேன். இதில் எனக்கு இரண்டு கருத்தே கிடையாது, இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவன், ஒரு பிள்ளை கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும், மீதி அம்மா முகத்தில் தெரியும். என் கண்தான் என் லேப். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அந்தக் கதைதான் இந்த வருடாந்திரப் பரிசோதனையும். சூலூரிலிருந்து ஒரு தம்பதி வருவார்கள், பையன் ஓணான் பிடிக்கிற வயசு, கிண்ணென்று இருப்பான், எவனோ தள்ளுபடி என்று சொன்னதைக் கேட்டு ரத்தம் கொடுத்தார்கள், கண்டதையெல்லாம் பார்த்ததில் ஏதோ ஒன்று கோட்டை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது, அவ்வளவுதான், அந்த அம்மா தூங்கவில்லை, மறுபடி ரத்தம், அப்புறம் ஸ்கேன், சென்னைக்கு ஒரு பயணம், கடைசியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நான் முதல் நாளே சொன்னேன். அதற்குள் பையன் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிற பையனாகிவிட்டான், அதை எந்தப் பரிசோதனை அளக்கும்? காரணம் இருந்தால் குத்து, காரணம் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார், இதுதான் என் கட்சி. ஒரு வயது முடியும்போது ஒருமுறை ரத்த அளவு பார்ப்பது வேறு சங்கதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் ரத்தம் குறைவுதான், பார்க்கத்தான் வேண்டும். அது மிருதுளாவுக்குக் கோபியில் இருக்கிற டாக்டரே பார்த்திருப்பார், தடுப்பூசி எல்லாம் அவரிடம்தான். பார்த்திருப்பார். ஆசாரி எங்கே வருகிறாரோ. ஒலிபெருக்கியில் யாரோ ஒரு வெள்ளை மாருதியை நகர்த்தச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், மாருதிக்காரர் பந்தியில் இருப்பார், பாயசம் வராமல் எழுந்திருக்க மாட்டார்.

இந்தச் சாமியானா நல்ல நிறம், ரோஜா நிறத் துணி, வெயில் அதில் இறங்கிக் கீழே இருக்கிற எல்லோரையும் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டிருக்கிறது, மோகனசுந்தரத்தின் பெரியப்பாகூட வெட்கப்படுகிறவர் போல இருக்கிறார். சந்தனம் காய்ந்து பிள்ளையின் தலையில் வெடிப்பு விடுகிறது, அதன் வாசனையும் பால் வாசனையும் வேர்வையும் கலந்து ஒரு மணம், பிள்ளைகளுக்கே உள்ளது. மொட்டையடிக்கும்போது கத்தித் தீர்த்துவிட்டு இப்போது அரைத் தூக்கத்தில் என் நெஞ்சில் சாய்ந்திருக்கிறாள். இல்லை, விழித்துவிட்டாள். என் முகத்தையே பார்க்கிறாள். மாமா, என்கிறாள். சொல்லுடா கண்ணு என்கிறேன். அவள் ஆள்காட்டி விரலை வாயில் வைத்து ஈரமாக்கி, அந்த விரலால் என் நெற்றியின் திருநீற்றை ஒரு இழுப்பு இழுத்து, வாயில் வைத்துச் சப்பினாள். மறுபடியும் ஈரம், மறுபடியும் இழுப்பு. என் நெற்றியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் ஓய்வாள் போலிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தக் குட்டி விரல் நெற்றியில் ஊர்வது எவ்வளவு சுகம். பூங்கொடி தட்டத்தில் பூவோடு வந்தவள் சொன்னாள், அதையேன் கேக்கறீங்கண்ணா, எங்க ஊட்டுல சாமி அலமாரில துண்ணூறு வெக்க முடியறதில்ல, ஸ்டூலப் போட்டு ஏறி மரவைக் கிண்ணத்தக் கவுத்து வழிச்சு வழிச்சுத் திம்பா, யாரு ஊட்டுக்கு வந்தாலும் நெத்தியத்தான் பாப்பா, கிருத்திகைல பொறந்தவளாச்சே, முருகனே வந்து பொறந்திருக்கான்னு இவுங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாங்க. சாமியார் பாப்பா என்று பேரே வைத்துவிட்டார்களாம். நான் எல்லோருக்கும் மேல் சத்தமாகச் சிரித்தேன். பூங்கொடி பூவை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டுப் போனாள்.

சாமியார் பாப்பா. நல்ல பேர். திருநீறு உடம்புக்கு ஒன்றும் செய்யாது, நாம் எல்லோரும் சின்ன வயதில் துளி வாயில் போட்டுக்கொண்டவர்கள்தான், வயிற்று வலி என்றால் அதைத்தானே கொடுத்தார்கள், சாணியைச் சுட்ட சாம்பல், சாம்பல். மாருதியை இன்னும் நகர்த்தவில்லை. சாம்பல். என் மேஜைக்கு முன்னால் உட்காரும் ஒவ்வொரு அம்மாவிடமும் நான் கேட்பேன், மண்ணு திங்குதா, சாக்பீஸ், சுவத்துச் சுண்ணாம்பு, பச்சரிசி? மனப்பாடமான கேள்வி, வாய் தானாகக் கேட்கும், ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்த பிள்ளை கண்டதைத் தின்னும் என்று படித்த நாளிலிருந்து கேட்கிறேன். சாம்பல் என்றும் சில சமயம் சேர்த்துக்கொள்வேன். இல்லீங்க டாக்டர், எங்க புள்ள அப்பிடியெல்லாம் திங்காதுங்க என்பார்கள். திருநீறு திங்குதா என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தியிடமும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள், சாமி பிரசாதத்தைத் திங்குது என்று எந்தத் தாய் சொல்வாள், மண்ணைத் தின்றால் அடி, திருநீற்றைத் தின்றால் முத்தம், இரண்டும் ஒரே வாய்தான். சே, என்ன நினைப்பு இது, விசேஷத்தில் உட்கார்ந்துகொண்டு. பிள்ளை விளையாட்டுக்கு நக்குகிறது. அலமாரி எட்டாத பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறி மரவையைக் கவிழ்ப்பதும் விளையாட்டுதான். யார் வீட்டுக்கு வந்தாலும் நெற்றியைப் பார்ப்பதும். பூங்கொடி வேறென்ன சொன்னாள், காலையில் வந்து இறங்கினதுமே சொன்னாள், சோறே எறங்கறதில்லண்ணா, ஆனா பாலு மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கறா, நம்ம ஊட்டு எருமைப் பாலு, பாட்டில வாயில வெச்சாத்தான் தூங்கவே தூங்குவா. பெருமையாகச் சொன்னாள், நானும் அந்தக் கன்னத்தைக் கிள்ளிப் பெருமையாகக் கேட்டுக்கொண்டேன். பால் வயிற்றை நிறைக்கும், எடையை ஏற்றும், இரும்பு தராது. இதை நான் போன மாதம் ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசினேன், கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளையைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று பேசினேன், கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள்.

சரி, பார்த்துவிடுவோம், என் கண்தான் என் லேப், இதற்கு எதற்கு மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டும். உள்ளங்கையை விரித்தேன். மருதாணி. நேற்றே வைத்துவிட்டிருக்கிறார்கள், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் செக்கச்செவேல் என்று, இதில் ரத்தச் சிவப்பை எங்கே தேடுவது. நகம், நகத்தில் ஊதாப் பூச்சு. உதட்டில் யாரோ கொடுத்த கேசரி. தலையில் சந்தனம், காலில் நலங்கு, ஒரு பிள்ளையின் உடம்பில் நான் எங்கெல்லாம் பார்ப்பேனோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசி வைத்திருக்கிறார்கள். கீழ் இமையைக் கட்டை விரலால் மெல்ல இறக்கினேன், கண்ணுக்கு மை தீட்டியிருந்ததால் அது கலைந்து விரலில் ஒட்டியது, உள்ளே பார்த்தேன், வெளுப்பா, சிவப்பா? சாமியானாவின் ரோஜா வெயில் நேராக அதில் விழுந்தது. இந்தத் துணிக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டிகூடச் சிவப்பாகத்தான் தெரியும். வெளியே போய் நல்ல வெயிலில் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவேன், ஆனால் எழுந்திருக்கக் கூடாது. பெரியப்பா அங்கிருந்தே குரல் கொடுத்தார், ஏனுங்க டாக்டர், கோயலுக்கு வந்த எடத்துலயும் வைத்தியமுங்களா? சும்மா வெளையாடறனுங்க என்றேன். வெளிறின மாதிரி இருந்தது. இல்லை, எனக்கு அப்படித் தோன்றுகிறது, ஒன்றை நினைத்துக்கொண்டு பார்த்தால் நினைத்ததுதான் தெரியும், மாணவர்களுக்கு இதை எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். என் கை அவள் முதுகில் இருக்கிறது. உள்ளே தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது நெஞ்சு, சும்மா சாய்ந்திருக்கிற பிள்ளைக்கு இத்தனை வேகம் எதற்கு. வெயில், அதனால்தான். அழுத அழுகை. பசி, கூட்டம், புதுப் பட்டுப் பாவாடையின் கசகசப்பு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையில் இருக்கிறது, ஒவ்வொரு காரணமும் நல்ல காரணம், தனித்தனியாக எடுத்தால் ஒன்றையும் தள்ள முடியாது. ஆனால் இதையெல்லாம் சேர்த்து ஒரு அம்மா என் மேஜைக்கு முன்னால் சொல்லியிருந்தால், சோறு இறங்கல, பால்தான், சாம்பல் திங்குது, நெஞ்சு ஓடுது, அவள் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் பார்க்க எழுதியிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சின்ன நெஞ்சு எத்தனை மாதமாக இப்படி ஓடிக்கொண்டிருக்கிறதோ என்று பயமாக இருக்கிறது, படிப்பு வரும் வயதில், சொல் வரும் வயதில், மூளைக்கு இரும்பு போய்ச் சேராத பிள்ளை எப்படி எப்படியெல்லாம் பின்தங்கும் என்று எனக்குத் தெரியும், தெரியாதவனாக இருந்திருந்தால் இந்நேரம் நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்திருப்பேன். மாமா என்று ஒரு சொல்தான் இன்று காலையிலிருந்து அவள் வாயில் கேட்டேன்.

பூங்கொடி குங்குமம் எடுக்கப் போனவள் பக்கமாக வந்தாள். ஏங்கண்ணு, ஒரு வயசுல கோபி டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரா என்று கேட்டேன், பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவள் சிரித்தாள். இல்லீங்ண்ணா, அவுருக்கு உங்கள நல்லாத் தெரியும், பாக்கட்டுங்களான்னு ஒரு பேச்சுக் கேட்டாரு, அப்புறம் அவரே, உங்கண்ணன் இருக்கறப்ப நான் என்னத்தச் சொல்றது, அவுரு பாத்துக்குவாருன்னுட்டாரு. அவர் நான் பார்த்துக்கொள்வேன் என்று இருந்துவிட்டார், நான் அவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டேன். நடுவில் பிள்ளை திருநீறு தின்றுகொண்டிருக்கிறது. வீட்டில் டாக்டர் இல்லாத பிள்ளை என்றால் இந்நேரம் யாராவது ஒருவர் பார்த்திருப்பார்கள். ஆனால் காலையில் நான் சொன்னது தப்பில்லை, இதை இப்போதும் சொல்வேன், நாளைக்கும் மைக் பிடித்துச் சொல்வேன், நல்லா இருக்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் குத்தக் கூடாது. சட்டம் சரிதான். நல்லா இருக்கிற பிள்ளை என்று தொட்டுப் பார்த்து, கேட்டு, நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் அந்தச் சட்டம், கன்னத்தைப் பார்த்து வடை தின்றுகொண்டே சொல்கிற சட்டம் இல்லை. இந்தப் பிள்ளைக்கு நான் அந்த முதல் வேலையைச் செய்யவே இல்லை. இப்போது இதை மோகனசுந்தரத்திடம் சொல்ல வேண்டும். பந்தியே சிரிக்கப் பேசிவிட்டு, அவரை எல்லோர் முன்னாலும் போன் போட்டு வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டு, இப்போது வேண்டும் என்றால் பெரியப்பா என்ன சொல்வார், டாக்டருக்கே நெலையில்லைங்க என்பார், அதை இந்த வட்டாரத்துச் சொந்தமெல்லாம் தை மாசம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். சாயங்காலம் பூங்கொடியிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம், ஒரு டானிக் எழுதிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. அளவு தெரியாமல் டானிக்கா? வேறு எவனாவது அப்படிச் செய்திருந்தால் நான் அவனை விட்டுவைப்பேனா? சிரிக்கட்டும். பெரியப்பா நன்றாக வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கின யானை அங்கேயே உட்கார்ந்துகொண்டு கும்பிடு வாங்கினால்தான் அசிங்கம்.

ஆசாரி வந்துவிட்டார். வண்டியை நிறுத்தின வேகத்திலேயே தலைக்கவசத்தைக் கழற்றி, கை கழுவி, சம்மணம் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார், நல்ல கை, பார்த்தாலே தெரிந்தது, நடுக்கமில்லாத கை. தலையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க என்றார். பிடித்தேன். என் இரண்டு கைக்குள்ளும் சந்தனத் தலை அடங்கியது. எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள், மோகனசுந்தரம் வாழைப்பழத் தட்டத்தோடு என் தோளுக்குப் பின்னால், பூங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஆசாரி குங்குமத்தால் புள்ளி வைத்தார், தங்கக் கம்பியை எடுத்தார், ஒரு நொடி. பிள்ளை ஒரு கணம் சத்தமில்லாமல் வாயைத் திறந்தது, அப்புறம் வந்தது அழுகை. காது மடலில் ஒரு சொட்டு ரத்தம் வந்து நின்றது. நான் அதையே பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, பார்க்கப் பார்க்க ஒவ்வொரு மாதிரி இருந்தது, ஒரு சொட்டைக் கண்ணால் பார்த்து யாராலும் எதையும் சொல்லிவிட முடியாது, இருபது வருஷம் பார்த்தவனாலும் முடியாது. ஆசாரி பஞ்சால் ஒற்றிவிட்டு அடுத்த காதுக்கு வந்தார். அதுவும் முடிந்தது. குலவை போட்டார்கள், பழத்தை வாயில் வைத்தார்கள், அவள் துப்பினாள்.

பூங்கொடிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “பாத்தீங்களாண்ணா, இந்த ஊசிக்கே எப்பிடி அழுகறா. நல்ல வேளை, ரத்தமெல்லாம் எடுக்க வேண்டாம்னுட்டீங்க.”

“எடுக்கோணும் பூங்கொடி.” கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். “மாப்ள, அந்த லேபுக்குப் போன் போட்டு நாளைக்குக் காலைல வர்றோம்னு சொல்லுங்க. அவுங்க சொல்ற அத்தனையும் வேண்டாம். ரத்த அளவும் இரும்புச் சத்தும் மட்டும் பாக்கோணும்.”

மோகனசுந்தரம் தட்டத்தைக் கீழே வைத்தார். “ஏனுங்க மச்சான், காலைல வேற மாதிரி சொன்னீங்க?”

“காலைல புள்ளையப் பாக்காமச் சொன்னனுங்க மாப்ள. இப்ப மடியில வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன். துண்ணூறு திங்கறது பக்தி இல்ல, ஒடம்புல எதோ கொறையுது, அதத்தான் தேடுது.”

பெரியப்பா வாயைத் திறந்தார். மோகனசுந்தரம் அவரைத் திரும்பிப் பார்த்தார், அவர் மூடிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. மோகனசுந்தரம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், மகள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாகப் போய் நின்று பேச ஆரம்பித்தார். பூங்கொடி மட்டும் என் அருகில் உட்கார்ந்தாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள், மருதாணிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“காதே இன்னும் ஆறல. நாளைக்கே மறுபடியும் குத்துனா தாங்குவாளா? அழுவாளேண்ணா.”

“அழுவா,” என்றேன். “என் மடியிலயே உக்காந்து அழுகட்டும். அதுக்கும் மாமன்தான உக்காரோணும்.”